புண் ஆறியது, கை ஏன் நீளவில்லை?

தீக்காயம் ஆறிப் பல மாதம் கழித்துத்தான் எங்களிடம் வருகிறார்கள். தாடை நெஞ்சோடு ஒட்டி நிமிர முடியாத பெண்கள், முழங்கை மடங்கியபடியே நின்றுபோன சிறுவர்கள், விரல்கள் உள்ளங்கைக்குள் சுருண்ட குழந்தைகள். "புண்தான் ஆறிடுச்சே டாக்டர்" என்கிறார்கள். ஆறிய பிறகும் தழும்பு சும்மா இருப்பதில்லை. ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை அது தடித்து, சுருங்கி, மூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். தொடக்க வாரங்களிலேயே மூட்டைத் தாங்கிப் பிடிக்கும் சிம்பு வைத்திருந்தால் இவர்களில் பலருக்கு இந்த நிலை வந்திருக்காது.

சுகமான நிலையே ஆபத்தான நிலை

வலி குறைகிறதே என்று நோயாளி மூட்டை மடக்கி வைப்பார். வீட்டாரும் இரக்கப்பட்டுத் தலையணை கொடுப்பார்கள். மடங்கிய அந்த நிலையிலேயே தழும்பு இறுகிவிடும். கழுத்து வெந்திருந்தால் தலையணையே கூடாது. அக்குள் வெந்திருந்தால் கையை உடலிலிருந்து 90 டிகிரி விலக்கி வைக்க வேண்டும். முழங்கை, முழங்காலின் மடக்குப் பக்கம் வெந்திருந்தால் நீட்டியே இருக்க வேண்டும். புறங்கை வெந்திருந்தால் மணிக்கட்டு சற்றுப் பின்னோக்கியும், விரல்களின் அடிமூட்டு மடங்கியும், விரல்கள் நேராகவும், கட்டைவிரல் விலகியும் இருக்க வேண்டும்.

தூக்கத்திலும் இந்த நிலை மாறாமல் பிடித்து வைப்பதே சிம்பின் வேலை. சூடான தண்ணீரில் இளகும் பிளாஸ்டிக் தகட்டை அவரவர் உடம்பின் அளவுக்கு வளைத்து அதைச் செய்கிறோம். வீக்கம் வடிந்தால் மறுபடி வளைக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் போட்டிருந்த சிம்பு உங்களுக்குப் பொருந்தாது.

இறுகிய மூட்டுக்கு மாவுக்கட்டு

ஏற்கெனவே இறுகிவிட்டதா? மூட்டு வலியில்லாமல் எவ்வளவு நீள்கிறதோ அந்த இடத்தில் நிறுத்தி மாவுக்கட்டு போடுகிறோம். சில நாளில் பிரித்து, பயிற்சி கொடுத்து, இன்னும் கொஞ்சம் நீட்டி மீண்டும் கட்டுகிறோம். மெதுவாக, விடாமல் இழுத்தால்தான் தழும்பு நீளும். சிம்பைக் கழற்றி எறியும் குழந்தைகளுக்கு இந்த முறை மிகவும் உதவும். முழங்கை அசையவே மறுத்தால், மாவுக்கட்டு போடும் முன் காரணம் அறிய எக்ஸ்ரே எடுப்போம்.

விட்டொழிக்க வேண்டிய நம்பிக்கைகள்

"எண்ணெய் தேய்த்து இழுத்தால் சரியாகும்." வலுவாக இழுத்தால் தழும்பு கிழியும்; அது ஆறும்போது இன்னும் இறுகும். மசாஜ் நல்லதுதான், ஆனால் புண் மூடிய பிறகு, பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தரும் முறையில் மட்டும்.

"சிம்பு போட்டால் கை விறைத்துவிடும்." பகலில் கழற்றிப் பயிற்சி செய்யச் சொல்வது அதற்காகத்தான். பயிற்சியைச் செய்யாமல் சிம்பைக் குறை சொல்வது நியாயமில்லை.

"பிறகு ஆபரேஷன் செய்துகொள்ளலாம்." ஆபரேஷனில் ஒட்டிய தோலும் சுருங்கும். அதற்குப் பிறகும் சிம்பு வேண்டும்.

"முட்டை, மீன் கொடுத்தால் சீழ் பிடிக்கும்." தயவுசெய்து இதை நிறுத்துங்கள். தோல் வளரப் புரதம் கட்டாயம் வேண்டும்.

தீப்பட்ட இடத்தில் டூத்பேஸ்ட், பேனா மை, தோசை மாவு என்று கையில் கிடைத்ததையெல்லாம் இன்னும் பூசுகிறார்கள். கிருமி சேர்ந்து காயம் ஆழமாகிறது. ஆழமான காயம் பெரிய தழும்பாகிறது. வெந்தவுடன் அந்த இடத்தைக் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள்; வேறெதுவும் பூச வேண்டாம். மருந்துக்கடையில் நீங்களே கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு களிம்பையும் தொடாதீர்கள். அது தோலை மெலிய வைத்துவிடும்.

உடனே வர வேண்டியது எப்போது?

கட்டுக்குள் வலி கூடினாலோ, விரல் மரத்துப்போனாலோ, நிறம் மாறினாலோ, நாற்றமோ காய்ச்சலோ வந்தாலோ மறுநாள் வரை காத்திருக்காதீர்கள். சிம்பாக இருந்தால் கழற்றிவிட்டு வாருங்கள். மாவுக்கட்டைப் பிரிக்க அந்த நேரமே மருத்துவமனைக்கு ஓடி வாருங்கள்.

கெஞ்சிக் கேட்கிறேன்

டிஸ்சார்ஜ் சீட்டோடு சிகிச்சை முடிந்துவிட்டதாக நினைக்காதீர்கள். குழந்தை அழுகிறதே என்று சிம்பைக் கழற்றிவிடாதீர்கள். குழந்தை வளரும், தழும்பு அதோடு சேர்ந்து வளராது. அதனால் பல ஆண்டு கண்காணிப்பு தேவை. தழும்பை அழுத்தி வைக்கும் அழுத்த உடை கொடுத்திருந்தால் நாளுக்கு 23 மணி நேரம் போடுங்கள்; புழுக்கமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். வார்டை விட்டுக் கிளம்பும் முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: மூட்டை எந்த நிலையில் வைக்க வேண்டும்? சிம்பு எத்தனை மணி நேரம்? அடுத்து எப்போது வர வேண்டும்? பதில் கிடைக்காமல் வீட்டுக்குப் போகாதீர்கள்.