வாப்பா விட்டுச் சென்ற துப்பாக்கிக்கு என்ன விலை?

"ஹஜ்ரத், வாப்பாவின் வேட்டைத் துப்பாக்கியைக் காக்காவே வைத்துக்கொள்ளட்டும் என்கிறோம். அதற்கு என்ன விலை போடுவது?" அமெரிக்காவில் வாழும் ஒரு சகோதரி கேட்டது இது. காக்கா அதைப் பழைய இரும்பு என்கிறார். தம்பியோ அரும்பொருள் என்கிறார்.

சொத்து சிறிதோ பெரிதோ, ஆணுக்கும் பெண்ணுக்கும் அதில் பங்கு உண்டு என்பதை சூரா அந்நிஸாவின் 7ஆம் வசனம் உறுதி செய்கிறது. எனவே துப்பாக்கியும் கணக்கில் வந்தாக வேண்டும். விலை தெரிய, முதலில் வயது தெரிய வேண்டும்.

அனுப்பிய படத்தில் இருந்தது பிரவுனிங் ஆட்டோ-5. பின்பக்கம் திடீரெனச் சரியும் அதன் முதுகை வைத்தே அடையாளம் காணலாம். ஜான் பிரவுனிங் இதற்கு 1900இல் காப்புரிமை பெற்றார். வின்செஸ்டர் நிறுவனத்துடன் பேரம் முறிந்தது. 1902 ஜனவரியில் ரெமிங்டன் தலைவரைச் சந்திக்கக் காத்திருந்த வேளையில் அந்தத் தலைவர் மாரடைப்பால் இறந்துபோனார். அதனால்தான் இந்த அமெரிக்கத் துப்பாக்கி பெல்ஜியத்தின் எஃப்.என். ஆலையில் பிறந்தது! ரெமிங்டனும் பிறகு 1905 முதல் இதையே செய்தது, பின்னாளில் அதற்கு மாடல் 11 என்று பெயர் வந்தது. 1970களின் நடுவில் பிரவுனிங் தயாரிப்பு ஜப்பானின் மிரோகு ஆலைக்கு மாறியது.

குழலில் முட்டை வடிவத்துக்குள் ஈ.எல்.ஜி. எழுத்துகளும் மேலே கிரீடமும் இருந்தால், அது பெல்ஜியத்தின் லீஜ் நகரச் சோதனை முத்திரை. 1958க்குப் பிந்தைய வரிசை எண்ணில் எழுத்துக்கு முன் நிற்கும் இலக்கம் ஆண்டைக் காட்டும்: 9ஜி என்றால் 1959இல் செய்த எடை குறைந்த 'லைட்' வகை 12 கேஜ். ரெமிங்டனில் குழலின் இரகசிய எழுத்துகள் மாதத்தையும் ஆண்டையும் சொல்லும். ஆனால் குழலை மாற்றியிருந்தால் அது குழலின் வயதுதான், துப்பாக்கியின் வயதல்ல.

பழையது என்பதாலேயே விலை ஏறாது. லட்சக்கணக்கில் செய்த சாமான் இது. தொழிற்சாலை நீலப்பூச்சு அழியாமல் இருக்கிறதா, முன்கைக் கட்டையில் விரிசல் உண்டா (இந்த மாடலில் அடிக்கடி வரும்), குழலை வெட்டியிருக்கிறார்களா என்று பார்ப்பார்கள். புதிதாகப் பாலிஷ் போட்டால் மதிப்பு கூடும் என்று நினைத்துச் செய்துவிடாதீர்கள், குறைந்துவிடும். பொதுவாக ஜப்பானியதைவிட பெல்ஜியத் தயாரிப்பையும், சாதாரண 12 கேஜைவிட 'ஸ்வீட் சிக்ஸ்டீன்' வகையையும் சேகரிப்போர் அதிகம் தேடுகிறார்கள். போருக்கு முந்தைய 16 கேஜில் தோட்டா அறை இன்றையதைவிடக் குட்டை. இன்றைய தோட்டாவைப் போடுவது ஆபத்து. துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் காட்டாமல் சுட்டுப் பார்க்க வேண்டாம்.

விற்பவர் கேட்கும் விலை விலையல்ல. ஏலத்தில் உண்மையில் விற்ற தொகையைப் பாருங்கள். வாங்க விரும்பாத இருவரிடம் மதிப்புக் கேளுங்கள். வாப்பா அன்று கொடுத்த விலையை விடுங்கள், பங்கு பிரிக்கும் நாளின் சந்தை விலையே கணக்கு.

இந்தியாவில் உள்ள குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை: உரிமம் இறந்தவரோடு முடிந்தது. ஆயுதச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைத்துவிட்டுத்தான் மற்ற பேச்சு.

அடக்கச் செலவும் கடனும் போக, துப்பாக்கிக்கு 800 டாலர் என்று வைப்போம். மனைவிக்கு எட்டில் ஒன்று, 100. மீதி 700இல் இரு மகன்களுக்குத் தலா 280, மகளுக்கு 140. துப்பாக்கியை எடுக்கும் காக்கா மற்ற மூவருக்கும் 520 டாலர் தர வேண்டும். மகளின் 140ஐ அவர் கையில் கொடுத்த பிறகு, அதை விட்டுக்கொடுப்பது அவர் விருப்பம்.