விமானத்தில் நாய்: காலடியிலா, சரக்கறையிலா?

2024 ஜனவரி 2 அன்று மாலை, டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில் தரையிறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம், ஓடுபாதையில் இருந்த கடலோரக் காவல்படை விமானத்தின் மீது மோதித் தீப்பற்றியது. காவல்படை விமானத்தில் இருந்த ஆறு பேரில் ஐந்து பேர் இறந்தார்கள். பயணிகள் விமானத்தில் இருந்த 379 பேரும் உயிர் தப்பினார்கள். புகை சூழ்ந்த நேரத்திலும் பைகளைத் தேடி நேரத்தை வீணாக்காமல் அவர்கள் சறுக்குப் பாதையில் இறங்கியதை உலகமே வியந்து பேசியது. அந்த விமானத்தின் சரக்கறையில் இரண்டு செல்லப்பிராணிகளும் இருந்தன. அவற்றைக் காப்பாற்ற முடியவில்லை.

உயிருள்ள ஒன்றைப் பெட்டி படுக்கையோடு சேர்த்து அடுக்கலாமா என்ற கேள்வி ஜப்பானில் கொதித்தெழுந்தது. செல்லப்பிராணிகளைப் பயணிகளோடு கேபினில் உட்காரவிட வேண்டும் என்று கையெழுத்து இயக்கங்கள் நடந்தன. ஸ்டார்ஃப்ளையர் என்ற ஜப்பானிய நிறுவனம் 2022 மார்ச் முதலே ஒரு வழித்தடத்தில் அப்படி அனுமதித்து வந்தது. விபத்து நடந்த அதே மாதத்தில், முன்பே திட்டமிட்டபடி, எல்லா உள்நாட்டு வழித்தடங்களுக்கும் அதை விரிவாக்கியது. ஆனால் அந்த நிறுவனத்தின் நிபந்தனைகளில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவசரமாக வெளியேற நேர்ந்தால் பிராணியை விமானத்திலேயே விட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும். பயணி அதற்குச் சம்மதித்தால்தான் டிக்கெட்.

அந்த நிபந்தனை கல்நெஞ்சத்தில் பிறந்தது அல்ல. பாதிக் கதவுகள் அடைபட்டிருந்தாலும் அத்தனை பேரையும் 90 விநாடிகளுக்குள் வெளியேற்ற முடியும் என்று காட்டினால்தான் ஒரு பயணிகள் விமான ரகத்துக்குச் சான்று கிடைக்கும். அந்தக் கணக்கில் காலடியில் இடறும் ஒரு கூண்டுக்கு இடமில்லை. ஹனேடாவில் இறந்த பிராணிகள் கேபினில் இருந்திருந்தாலும் விதிப்படி அங்கேயேதான் விடப்பட்டிருக்கும். ஆகவே விபத்தை வைத்து மட்டும் கேபினுக்காக வாதாட முடியாது. நான் கேபின் அனுமதியை ஆதரிக்கிறேன். அதற்கு என்னிடம் உள்ள காரணம் வேறு: வெயில்.

ஆபத்து வானத்தில் குறைவு, தரையில் அதிகம்

சரக்கறை என்றதும் காற்றில்லாத, உறைய வைக்கும் இருட்டறை என்று பலர் நினைக்கிறார்கள். இது தவறு. பயணிகள் விமானத்தில் கேபினுக்கும் அதன் கீழுள்ள சரக்கறைக்கும் காற்றழுத்தம் ஒன்றுதான். பறக்கும்போது அது 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதற்குச் சமம். ஏறத்தாழ கொடைக்கானலில் நிற்பது போல. பிராணிகளை ஏற்றும் பகுதிக்குச் சூடேற்றும் வசதியும் உண்டு. உள்ளே உயிர் இருக்கிறது என்று கேப்டனுக்கு எழுத்து மூலம் தெரிவிக்கிறார்கள். 2015 செப்டம்பரில் டெல் அவிவிலிருந்து டொராண்டோவுக்குப் பறந்த ஏர் கனடா விமானத்தில் சரக்கறையின் சூடேற்றி பழுதானது. அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்தால் உள்ளிருக்கும் நாய் குளிரில் விறைத்துவிடும் என்று உணர்ந்த கேப்டன் விமானத்தை ஃபிராங்ஃபர்ட்டுக்குத் திருப்பி, நாயை வேறொரு விமானத்தில் ஏற்றச் செய்தார். பயணிகளுக்கு ஒன்றேகால் மணி நேரம் தாமதம். அந்த நாய் பிழைத்தது.

சிக்கல் தரையில்தான் இருக்கிறது. கவுன்டரில் ஒப்படைத்த கூண்டு கிடங்கில் காத்திருக்கிறது, டிராலியில் ஏறுகிறது, விமானம் நிற்கும் கான்கிரீட் தளத்தில் சாமான்கள் ஏறும் வரை நிற்கிறது. மே மாதச் சென்னையில், பிற்பகல் இரண்டு மணிக்கு, அந்தத் தளம் எப்படிக் கொதிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. நாய்க்கு நம்மைப் போல உடலெங்கும் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் அது சூட்டை வெளியேற்றுகிறது. வாயிலும் மூக்கிலும் உள்ள ஈரம் ஆவியானால்தான் உடல் குளிரும். கடலோர ஊர்களின் புழுக்கத்தில் ஈரம் எளிதில் ஆவியாவதில்லை. பயமும் சேர்ந்தால் இரைப்பு கூடும், உடல் மேலும் சூடாகும்.

மூக்கு சப்பையான இனங்களுக்கு இந்த ஏற்பாடே பழுதுபட்டிருக்கிறது. பக், புல்டாக், ஷி ட்ஸு போன்றவற்றுக்கு மூக்குத் துளை குறுகல், உள் அண்ணம் நீளம். அமைதியாகப் படுத்திருக்கும்போதே குறட்டை விடும் நாய்கள் இவை. அமெரிக்காவில் விமான நிறுவனங்கள் பிராணிகளின் மரணம், காயம், காணாமல் போதல் ஆகியவற்றை அரசுக்கு அறிக்கையாகத் தர வேண்டும் என்று 2005-இல் விதி வந்தது. அடுத்த ஐந்தாண்டு அறிக்கைகளை அந்நாட்டுப் போக்குவரத்துத் துறை 2010-இல் தொகுத்துப் பார்த்தது. சரக்கறைப் பயணத்தில் இறந்த 122 நாய்களில் ஏறக்குறைய பாதி சப்பை மூக்கு இனங்கள். புல்டாக் மட்டும் 25, பக் 11. இந்தக் கணக்கு வெளிவந்த பிறகு பல நிறுவனங்கள் இந்த இனங்களைச் சரக்கறையில் ஏற்றுவதையே நிறுத்திக்கொண்டன.

ஒரு கைப்பேசி விளம்பரத்தால் ‘ஹட்ச் நாய்’ என்று பெயரெடுத்து நம் நகரங்களின் அடுக்குமாடி வீடுகளுக்குள் வந்தது பக்தான். வளர்ந்த பக் 6 முதல் 8 கிலோ வரை இருக்கும். கேபினில் ஏற்றக்கூடிய எடையும் அது. சரக்கறையில் போட்டால் செத்துப்போகும் வாய்ப்பு அதிகமுள்ள இனமும் அது. கேபின் அனுமதிக்கான வாதம் என் கண்ணில் இங்கேதான் மிக வலுவாக நிற்கிறது. குளிரூட்டிய அறையில், வளர்த்தவரின் காலடியில், மூச்சு திணறினால் உடனே பார்க்க ஆள் இருக்கும் இடத்தில் அந்த நாய் இருப்பது ஆடம்பரமாகாது.

கேபின் என்பதாலேயே எல்லாம் சரியாகிவிடாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2018 மார்ச்சில் ஹூஸ்டனிலிருந்து நியூயார்க்குக்குச் சென்ற யுனைடெட் விமானத்தில், நாய்க்குட்டி இருந்த பையைத் தலைக்கு மேலுள்ள சாமான் பெட்டியில் வைக்கும்படி பணியாளர் ஒருவர் சொல்ல, அந்தப் பிரெஞ்சு புல்டாக் குட்டி அங்கேயே இறந்தது. பயிற்சி இல்லாத பணியாளர்களிடம் விட்டால் எந்த அனுமதியும் ஆபத்துதான்.

இந்தியாவில் இப்போது என்ன நிலை?

இங்கே முடிவு விமான நிறுவனங்களின் கையில் இருக்கிறது. ஏர் இந்தியா நெடுங்காலமாகச் சிறு நாய், பூனைகளைக் கேபினில் அனுமதிக்கிறது. ஆகாசா ஏர் 2022 நவம்பரில் இந்த அனுமதியைத் தொடங்கியது; கூண்டோடு சேர்த்து 7 கிலோ என்றிருந்த வரம்பைப் பின்னர் 10 கிலோவாக உயர்த்தியது. நாட்டிலேயே அதிகப் பயணிகளை ஏற்றும் இண்டிகோ, மாற்றுத்திறனாளிகளுக்கு உதவும் பயிற்சி பெற்ற நாய்களைத் தவிர வேறு பிராணிகளை ஏற்றுவதில்லை. அனுமதிக்கும் நிறுவனங்களிலும் ஒரு விமானத்துக்கு ஒன்று அல்லது இரண்டுதான். தடுப்பூசிச் சான்று, கால்நடை மருத்துவரின் உடல்தகுதிச் சான்று, காற்றோட்டமுள்ள மென்மையான பை, முன்கூட்டியே பதிவு எல்லாம் தேவை. இவை அனைத்தும் இருந்தும், வாசலில் கேப்டன் மறுத்தால் மறுத்ததுதான்.

2021 செப்டம்பரில் ஒரு பயணி தம் மால்டீஸ் நாயோடு தனியாக வர விரும்பி, மும்பை–சென்னை ஏர் இந்தியா விமானத்தின் பிசினஸ் வகுப்பு முழுவதையும் பதிவு செய்தார். 12 இருக்கைகளுக்குச் சுமார் இரண்டரை லட்சம் ரூபாய் செலவானதாகச் செய்திகள் வந்தன. அவற்றைப் படித்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு அதில் தெரிந்தது விதியின் போதாமை. தெளிவான, நியாயமான விலையுள்ள வழி இருந்தால் யாரும் பன்னிரண்டு இருக்கை வாங்க மாட்டார்கள். ரயில்வேயில் இதற்கு ஒரு பழைய வழி உண்டு: முதல் வகுப்பு ஏசியில் கூபே முழுவதையும் பதிவு செய்தால் நாயை உடன் வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் கார்டு வண்டியில் உள்ள நாய்ப் பெட்டி. கூபே எல்லாருக்கும் கட்டுப்படியாகாது; ஆனால் விதி எல்லாருக்கும் தெரியும்.

பக்கத்து இருக்கைக்காரரின் மூச்சு

எதிர்த்தரப்பில் உள்ளவர்களை நாய் வெறுப்பாளர்கள் என்று ஒதுக்குவது அநியாயம். ஆஸ்துமா உள்ளவர் நடுவானில் இறங்கிப் போய்விட முடியாது. 2010-இல் கனடா மருத்துவச் சங்க இதழ் தன் தலையங்கத்தில், பயணிகளின் உடல்நலத்தைக் கருதிக் கேபினில் பிராணிகளைத் தடை செய்ய வேண்டும் என்றே எழுதியது. சில ஆண்டுகள் தடை வைத்திருந்த ஏர் கனடா, அதற்கு முந்தைய ஆண்டுதான் மீண்டும் அனுமதிக்கத் தொடங்கியிருந்தது.

ஒவ்வாமையைத் தூண்டுவது ரோமம் என்று பொதுவாக நம்புகிறார்கள். உண்மையில் நாயின் எச்சிலிலும் உதிரும் தோல் துகளிலும் உள்ள புரதங்களே காரணம். நவீன விமானங்களின் ஹெப்பா வடிகட்டி, மறுசுழற்சியாகும் காற்றிலுள்ள 0.3 மைக்ரான் அளவுத் துகள்களில் 99.97 விழுக்காட்டைப் பிடித்துவிடும். அப்படியானால் கவலை ஏன்? காற்று வடிகட்டிக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே பக்கத்தில் இருப்பவரின் மூச்சில் கலந்துவிடுகிறது. இருக்கைத் துணியில் படிந்தது வடிகட்டிக்குப் போவதே இல்லை. இன்னொரு பக்கம், நாய் வளர்ப்பவரின் சட்டையிலேயே இந்தப் புரதங்கள் விமானத்துக்குள் வந்துவிடுகின்றன. நாயைத் தடுத்தாலும் ஒவ்வாமை முற்றிலும் நீங்காது.

கனடாவின் போக்குவரத்து முகமை இதில் நடுவழி கண்டது. கடுமையான ஒவ்வாமை உள்ளவர் முன்கூட்டியே சொன்னால், அவருக்கும் பிராணிக்கும் இடையே சில வரிசைகள் இடைவெளி விட வேண்டியது விமான நிறுவனத்தின் கடமை. நம் விமானங்களுக்கும் இது உடனே பொருந்தும். டிக்கெட் எடுக்கும்போதே ‘இந்த விமானத்தில் நாய் இருக்கிறது’ என்று பயணிகளுக்குக் காட்டினால், தெருநாய்க்கடிக்கு ஊசி போட்டுக்கொண்ட அனுபவத்தால் நாய்ப் பயம் உள்ளவர்களும் தங்கள் இருக்கையைத் தேர்ந்துகொள்ளலாம். அந்தப் பயம் நம் ஊரில் காரணமில்லாதது அல்ல.

வரையறை தளர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கா சாட்சி. ‘மன ஆதரவுப் பிராணி’ என்று ஒரு கடிதம் காட்டினால் பலவகைப் பிராணிகளையும் கட்டணமின்றிக் கேபினில் ஏற்றலாம் என்ற நிலை அங்கே வளர்ந்தது. 2017-இல் அட்லாண்டாவில் அப்படி ஏறிய பெரிய நாய் பக்கத்துப் பயணியின் முகத்தைக் கடித்துக் குதறியது. அடுத்த ஆண்டு ஒருவர் மயிலோடு நியூயார்க் அருகேயுள்ள நியூவார்க் நிலையத்துக்கு வந்தார். 2020 டிசம்பரில் அரசு விதியைத் திருத்தி, முறையாகப் பயிற்சி பெற்ற உதவி நாய்களுக்கு மட்டுமே அந்த உரிமை என்று வரையறுத்தது. இடையில் அதிகம் பாதிக்கப்பட்டவர்கள், வழிகாட்டி நாயை உண்மையிலேயே நம்பிப் பயணிக்கும் பார்வையற்றவர்கள். அவர்கள் ஒவ்வொரு வாசலிலும் சந்தேகக் கண்களைச் சந்தித்தார்கள்.

ராஜபாளையம் எங்கே உட்காரும்?

இந்த விவாதத்தில் அதிகம் பேசப்படாதது பெரிய நாய். 10 கிலோ வரம்பு என்பது மடிநாய்களுக்கான வரம்பு. நன்றாக வளர்ந்த ராஜபாளையம் 25 கிலோ அளவுக்கு வரும். கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை எதுவும் இருக்கைக்கு அடியில் அடங்காது. தெருவிலிருந்து எடுத்து வளர்த்த சாதாரண நாட்டு நாயே 10 கிலோவைத் தாண்டிவிடும். நாட்டு நாயை வளர்க்கச் சொல்லி மேடைகளில் பேசுகிறோம். வேலை மாறுதலில் டெல்லிக்குப் போகிறவர் அந்த நாயை எப்படிக் கொண்டுபோவார் என்று யாரும் கேட்பதில்லை.

இத்தாலி இதைத் தொட்டிருக்கிறது. 2025 மே மாதம் அந்நாட்டு விமானப் போக்குவரத்து ஆணையம், பெரிய நாய்களையும் கூண்டோடு இருக்கையில் கட்டிப் பாதுகாப்பாகக் கொண்டுசெல்ல வழி திறந்தது. செப்டம்பரில் மிலானிலிருந்து ரோமுக்கு ஐடிஏ ஏர்வேஸ் விமானத்தில் முதல் பறப்பு நடந்தது. குறுகலான, நிரம்பி வழியும் நம் உள்நாட்டு விமானங்களில் இது விரைவில் வரும் என்று நான் நம்பவில்லை. அதனால்தான் கேபின் அனுமதியோடு நிறுத்திவிடக் கூடாது என்கிறேன். பெரும்பாலான நாய்களுக்கு இன்னும் பல ஆண்டுகள் சரக்கறைதான். வெப்பம் ஓர் அளவைத் தாண்டும் நேரங்களில் பிராணியை ஏற்றத் தடை, கடைசியில் ஏற்றி முதலில் இறக்கும் முறை, நிழலும் தண்ணீரும் உள்ள காத்திருப்பு இடம், இறந்தாலோ தொலைந்தாலோ பொதுவெளியில் அறிக்கை ஆகிய நான்கையும் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் விதியாக்க வேண்டும். அமெரிக்க அறிக்கைகள் இல்லையென்றால் சப்பை மூக்கு நாய்களின் கதை யாருக்கும் தெரிந்திருக்காது.

சட்டம் இன்னும் நாயைச் சாமானாகத்தான் பார்க்கிறது. 2019-இல் புவனோஸ் ஐரிஸ் விமான நிலையத்தில் விமானத்துக்குக் கொண்டுசெல்லும் வழியில் தப்பியோடித் தொலைந்த நாய்க்காக, அதை வளர்த்தவர் ஐபீரியா நிறுவனத்திடம் 5,000 யூரோ கேட்டார். 2025 அக்டோபரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் தீர்ப்பளித்தது: 1999-ஆம் ஆண்டு மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி செல்லப்பிராணியும் ‘சாமான்’ என்பதில் அடங்கும், கூடுதல் மதிப்பைக் கவுன்டரில் முன்கூட்டியே அறிவிக்காவிட்டால், தொலைந்த பெட்டிக்கான உச்சவரம்புதான். இந்தியாவும் அந்த உடன்படிக்கையில் சேர்ந்த நாடு.

வெளிநாட்டிலிருந்து நாயோடு திரும்புகிறவர்களும், ஊர் மாறுகிறவர்களும் சில காரியங்களை இன்றே செய்யலாம். புறப்படுவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே கூண்டை வீட்டில் திறந்து வைத்து நாயை அதில் தூங்கப் பழக்குங்கள். தூக்க மருந்து வேண்டாம். அது உயரத்தில் மூச்சையும் இரத்த அழுத்தத்தையும் குறைக்கும் என்பதால் கால்நடை மருத்துவர்களே எச்சரிக்கிறார்கள். கோடையில் இரவு அல்லது அதிகாலை விமானம், முடிந்தவரை இடையில் மாறாத நேரடி விமானம். கவுன்டரில் மதிப்பு அறிவிப்புப் படிவத்தைக் கேட்டு வாங்குங்கள். இருக்கையில் உட்கார்ந்ததும் பணியாளரை அழைத்து, கீழே உங்கள் நாய் ஏற்றப்பட்டுவிட்டதா, கேப்டனுக்கு அது தெரியுமா என்று கேளுங்கள். பதில் வந்த பிறகு சீட் பெல்ட்டைப் போடுங்கள்.