முதுகெலும்பு அறுவை சிகிச்சை: திறந்த முறையா, நுண்துளை முறையா?

முதுகெலும்பு அறுவை சிகிச்சை என்றதும், வெட்டு எவ்வளவு பெரியதாக இருக்கும் என்ற அச்சமே நோயாளிகளுக்கு முதலில் எழுகிறது. ஆனால், நரம்பை அழுத்தும் பகுதி சரியாக அகற்றப்படுகிறதா என்பதே சிகிச்சையின் பலனைத் தீர்மானிக்கிறது.

முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துவதால் கால் வலி ஏற்படுவதை, அமெரிக்க மருத்துவர்கள் மிக்ஸ்டர், பார் ஆகியோர் 1934-ஆம் ஆண்டு விளக்கினர். அதன்பின் வட்டு அறுவை சிகிச்சை பரவலானது. திறந்த முறையில், முதுகின் நடுவே தோலைக் கீறி, தசைகளை எலும்பிலிருந்து விலக்கி, பாதிப்பை மருத்துவர் நேரடியாகக் காண்கிறார். 1970-களில் நுண்ணோக்கி வந்தபின் இந்த வெட்டு சிறிதானது.

நுண்துளை முறையில், சுமார் 2 செ.மீ. அல்லது அதற்கும் குறைவான துளை வழியாகக் குழாயோ எண்டோஸ்கோப்போ செலுத்தப்படுகிறது. தசைகள் அறுபடாமல் விலக்கப்படுவதால், ரத்த இழப்பும் மருத்துவமனையில் தங்கும் நாள்களும் பொதுவாகக் குறைகின்றன.

எனினும், நீண்டகாலப் பலனில் பெரிய வேறுபாடு இல்லை. நெதர்லாந்தில் 328 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2009-இல் வெளியான ஆய்வில், வழக்கமான நுண்ணோக்கி சிகிச்சையைவிடக் குழாய் முறை மேலான பலனைத் தரவில்லை. அந்நாட்டிலேயே 613 பேரிடம் நடத்தப்பட்டு 2022-இல் வெளியான ஆய்வு, கால் வலியைத் தணிப்பதில் எண்டோஸ்கோப் முறை, திறந்த நுண்ணோக்கி முறைக்குச் சளைத்ததன்று எனக் காட்டியது.

நுண்துளை முறைக்கு வரம்புகளும் உண்டு. எக்ஸ்ரே உதவி அதிகம் தேவைப்படுவதால் கதிர்வீச்சும் கூடுகிறது. மருத்துவருக்கு நீண்ட பயிற்சி அவசியம். கடுமையான முதுகெலும்பு வளைவு, சில கட்டிகள், பல இடங்களில் பாதிப்பு ஆகியவற்றுக்குத் திறந்த முறையே பெரும்பாலும் ஏற்றது.

தமிழக-கர்நாடக எல்லையில், மாதேஸ்வரன் மலைப் பாதையில் உள்ள பாலாறு போன்ற ஊர்களின் மக்கள், உயர் சிகிச்சைக்கு மைசூருக்கோ சேலத்துக்கோ செல்ல வேண்டியுள்ளது. மலைப்பாதையில் நெடுந்தொலைவு திரும்ப வேண்டிய அவர்களுக்கு, விரைவில் நடமாட முடிவது பெரும் ஆறுதலே. ஆயினும், அருகில் கிடைக்கிறது என்பதற்காகவோ, தழும்பு சிறியது என்பதற்காகவோ முறையைத் தேர்ந்தெடுப்பது சரியன்று. தமது பாதிப்புக்கு எந்த முறை பொருந்தும், அதில் மருத்துவரின் அனுபவம் என்ன, மறுபரிசோதனைக்கு எத்தனை முறை வரவேண்டும் என்பனவற்றை முன்கூட்டியே கேட்டறிவது நல்லது.

வட்டு பிதுங்கிய பெரும்பாலானோருக்கு மருந்து, உடற்பயிற்சி ஆகியவற்றாலேயே சில வாரங்களில் வலி தணிகிறது. ஆனால், சிறுநீர், மலம் கழிப்பதில் கட்டுப்பாடு இழப்பு, தொடைகளின் இடுக்கில் மரத்துப்போதல், கால்கள் வேகமாகப் பலவீனமடைதல் ஆகியவை அவசர அறிகுறிகள். அப்போது எந்த முறை என்று ஆராய்ந்து காலம் தாழ்த்தாமல், உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.