விமானியின் கண்ணாடியும் நம் கடைச் சீட்டும்

பல்லடம், சூலூர்ப் பக்கம் கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர்களுக்கு விமானச் சத்தம் புதிதல்ல. சூலூர் விமானப் படைத் தளத்திலிருந்து தேஜஸ் எழும்பிப் போகும்போது, தராசில் போட்ட கையை அப்படியே நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்க்காதவர் குறைவு. 2016 ஜூலையில் பெங்களூரில் இந்த விமானத்தோடு தொடங்கிய 45ஆவது படையணி 2018 இல் சூலூருக்கு வந்தது. 2020 மே மாதம் 18ஆவது அணியும் அதே தளத்தில் தேஜசைப் பெற்றது. அந்த விமானத்தில் விமானியின் முகத்துக்கு நேரே இருக்கும் ஒரு கண்ணாடியைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறோம். மளிகைக் கடைக்காரனுக்கு இதில் என்ன இருக்கிறது என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். பேச்சு கடைசியில் நம் சரக்கறைக்குத்தான் வரப்போகிறது.

மணிக்கு 1,000 கிலோமீட்டர் வேகத்தில் போகிற விமானி, வேகத்தையும் உயரத்தையும் பார்க்க ஒரு நொடி குனிந்தால், நிமிர்வதற்குள் விமானம் ஏறக்குறைய 280 மீட்டர் கடந்திருக்கும். அதனால் அந்த எண்களை ஒளியெழுத்தாக எதிரே உள்ள கண்ணாடியில் விழச் செய்கிறார்கள். வெளியே தெரியும் வானத்தின் மேலேயே எண்களும் தெரிகின்றன. இதில் ஒரு நுட்பம் உண்டு. கண்ணாடி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. ஆனால் எழுத்து வெகு தொலைவில் இருப்பதுபோல் லென்சு வைத்து அமைக்கிறார்கள். இல்லாவிட்டால் கிட்டத்திலும் தூரத்திலும் மாறி மாறிப் பார்த்துக் கண் களைத்துவிடும். தேஜசுக்கான இந்தக் கருவியை உருவாக்கியது சண்டிகரில் உள்ள மத்திய அறிவியல் கருவிகள் நிறுவனம். ஏர் இந்தியா 2012 முதல் ஓட்டிவரும் போயிங் 787 பயணி விமானத்திலும் விமானிகள் இருவர் முன்னாலும் இப்படிக் கண்ணாடி உண்டு.

கண்ணில் படும் பொருளின் மேல் குறிப்பைச் சேர்த்துக் காட்டும் இந்த முறைக்கு 'ஆக்மென்டட் ரியாலிட்டி' என்று பெயர். பெயர் பிறந்த இடமும் விமானத் தொழிற்சாலைதான். விமானத்துக்குள் ஓடும் மின்கம்பிகளை முதலில் பெரிய பலகைகளில் முளை அடித்து, வரைபடத்தைப் பார்த்துப் பார்த்து வளைத்துக் கட்டுவார்கள். ஒவ்வொரு வகைக்கும் தனிப் பலகை வேண்டும். கம்பி மாறிப்போனால் தேடிப் பிரிக்க வேண்டும். போயிங் நிறுவனத்தில் இருந்த டாம் காடெல், டேவிட் மைசெல் என்ற இருவர், தொழிலாளி தலையில் ஒரு கண்ணாடியை மாட்டி, கம்பி போக வேண்டிய வழியை வெறும் பலகையின் மேலேயே காட்டினால் என்ன என்று யோசித்து 1992 இல் கட்டுரை எழுதினார்கள். அன்றைய கம்ப்யூட்டருக்கு அந்த வேலை பளுவாக இருந்தது. யோசனை பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

முழுக்க முழுக்கப் பொய்க்காட்சியில் பழகுவது இன்னொரு வகை. இதற்கு மூதாதை எட்வின் லிங்க் என்ற அமெரிக்கர். அவர் தகப்பனாருக்கு ஆர்கன் வாத்தியம் செய்யும் தொழிற்சாலை. அந்த வாத்தியத்துக்கான துருத்திகளைக் கொண்டே, தரையில் நின்றபடி சாய்ந்து திரும்பும் ஒரு பெட்டியை 1929 இல் செய்தார். பயிற்சிக்கென்று வாங்க அதிகம் ஆளில்லை. 1934 இல் தபால் விமானம் ஓட்டிய ராணுவ விமானிகள் பலர் மோசமான வானிலையில் இறந்த பிறகுதான் அமெரிக்க ராணுவம் ஆறு பெட்டிகள் வாங்கியது. (சரக்கு நல்லதாக இருந்தும் போணியாகாத கதை நமக்குத் தெரியாததா!) தலையில் மாட்டும் மெய்நிகர் கருவியோடு கூடிய ஹெலிகாப்டர் பயிற்சிச் சாதனத்தை ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பு 2021 இல் முதன்முதலாக ஏற்றுக்கொண்டது.

பயணிகளுக்கென்று செய்தவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். லண்டன் காட்விக் விமான நிலையத்தில் 2017 இல் 2,000 சிறு கருவிகளைப் பொருத்தி, செல்போன் திரையில் அம்புக்குறி காட்டி வழி சொல்ல ஏற்பாடு செய்தார்கள். பெங்களூரு நிலையத்தார் 2023 இல் தங்கள் இரண்டாவது முனையத்தை வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் உலாவிப் பார்க்கும்படி செய்தார்கள். முன்னது உபயோகம், பின்னது வேடிக்கை என்பது எங்கள் கருத்து.

நமக்குப் பாடம் இருப்பது கிடங்கில். வான்வழிச் சரக்கில் பேர்போன டி.எச்.எல். நிறுவனம் நெதர்லாந்தில் ஒரு கிடங்கில் பத்துப் பேருக்கு இத்தகைய கண்ணாடியை மாட்டி மூன்று வாரம் பார்த்தது. எந்த வரிசை, எந்த இடம், எத்தனை உருப்படி என்பது கண் முன்னே தெரியும். கையில் சீட்டு இல்லை. வேலை 25 சதவீதம் விரைவானதாக 2015 இல் அறிவித்தார்கள். சொந்தக் கணக்கு என்பதால் கொஞ்சம் கழித்துக்கொண்டாலும் மிச்சம் நிற்கும்.

பனியன் கம்பெனிச் சம்பள நாளன்று நம் கடையில் என்ன நடக்கிறது? சீட்டுகள் குவிகின்றன. எடுத்துக் கட்டும் தம்பி ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்தவர். தமிழ் எழுத்து தெரியாது. துவரம்பருப்பு கேட்ட வீட்டுக்குக் கடலைப்பருப்பு போகிறது. கொண்டுபோய்க் கொடுத்த வண்டிக்கூலி நஷ்டம். வாடிக்கையாளர் அடுத்த மாதம் பக்கத்துக் கடைக்குப் போனால் அது பெரிய நஷ்டம்.

இதற்காக உடனே கண்ணாடிக்கு ஆர்டர் கொடுங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. யாராவது விற்க வந்தாலும், ஒரு மாதம் கடையில் ஓட்டிக் காட்டச் சொல்லாமல் முன்பணம் கொடுக்க வேண்டாம். அந்த நெதர்லாந்துக் கிடங்கில் ஒவ்வொரு சரக்குக்கும் இன்ன வரிசை, இன்ன இடம் என்று முன்பே குறித்திருந்தார்கள். இல்லாவிட்டால் கண்ணாடி எதைக் காட்டும்? நம் அடுக்குகளுக்கு எண் எழுத ஒரு டப்பா பெயின்ட் போதும். சீட்டில் பருப்பின் பெயருக்குப் பக்கத்தில் அந்த எண்ணையும் போட்டுவிட்டால், தமிழ் தெரியாத தம்பியும் சரியாக எடுத்து வருவார்.