பொட்டலம் போதும் தம்பி, பேனாவை எடு!

10 ஆயிரம் ரூபாய் கடன். ஆனால் கைக்கு வருவது 9 ஆயிரம்தான். ஆயிரம் ரூபாயை முதலிலேயே பிடித்துக் கொள்வார்கள். மறுநாளில் இருந்து தினமும் 100 ரூபாய் கட்ட வேண்டும். 100 நாள் கட்ட வேண்டும்.

இதற்குப் பெயர் "தண்டல்".

சென்னையில் பூ விற்பவர், இட்லிக் கடை போடுபவர், தள்ளுவண்டியில் காய்கறி விற்பவர் யாரைக் கேட்டாலும் இந்தக் கணக்கைத் தூக்கத்தில் கூடச் சொல்வார்கள்.

"100 நாளைக்கு ஆயிரம் ரூபாய்தானே வட்டி?" என்று நினைத்து விடாதீர்கள். வாங்கிய 9 ஆயிரமும் 100 நாள் அவர் கையில் இருப்பது இல்லை. மறுநாளே திருப்பிக் கட்டத் தொடங்கி விடுகிறார். அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், வருஷத்துக்கு நூற்றுக்குச் சுமார் 80 ரூபாய் வட்டி ஆகிறது!

ஒரு தண்டல் முடிந்ததும் இன்னொன்று. அது முடிந்ததும் அடுத்தது. இப்படியே வருஷம் முழுக்க ஓடினால் வட்டிக்கு மட்டும் 3,600 ரூபாய்க்கு மேல் போய் விடும். வெயிலிலும் மழையிலும் ரோட்டு ஓரத்தில் உட்கார்ந்து சம்பாதித்த காசு!

எதிரிலேயே பாங்கி!

இத்தனைக்கும் பூக்கடைக்கு எதிரிலேயே பாங்கி இருக்கும். பாங்கியில் கடனும் உண்டு.

தெரு வியாபாரிகளுக்கு என்றே "பி.எம். ஸ்வநிதி" என்ற கடன் திட்டத்தை 2020 ஜூன் மாதம் மத்திய அரசு தொடங்கியது. முதல் கடன் 10 ஆயிரம் ரூபாய் என்று இருந்தது. 2025-ல் அது 15 ஆயிரமாக உயர்த்தப்பட்டது. அதை ஒழுங்காகக் கட்டினால் அடுத்து 25 ஆயிரம். அதன் பிறகு 50 ஆயிரம். திட்டம் 2030 மார்ச் வரை நீட்டிக்கப்பட்டு இருக்கிறது.

நகை வேண்டாம். வீட்டுப் பத்திரம் வேண்டாம். ஜாமீன் வேண்டாம்.

பாங்கி நூற்றுக்கு 12 ரூபாய் வட்டி போடுகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். 15 ஆயிரத்தை 12 மாதத் தவணையில் கட்டினால் மொத்த வட்டியே சுமார் ஆயிரம் ரூபாய்தான். தவணை தவறாமல் கட்டினால் 7 சதவீத வட்டியை அரசே கணக்கில் திருப்பிப் போடுகிறது.

தண்டலில் 9 ஆயிரத்துக்கு 3,600. பாங்கியில் 15 ஆயிரத்துக்கு ஆயிரத்துக்கும் குறைவு.

அப்படியானால் ஏன் எல்லோரும் எதிரில் இருக்கிற பாங்கிக்குப் போகவில்லை?

குறுக்கே நிற்பது ஒரு பாரம்

தண்டல்காரர் கடைக்கே வருவார். 5 நிமிஷத்தில் பணம் கொடுப்பார். பாரம் கிடையாது. கேள்வி கிடையாது.

பாங்கிக்குப் போனால்? ஆதார் வேண்டும். ஆதாரில் செல்போன் நம்பர் சேர்த்திருக்க வேண்டும். அந்த நம்பர் 4 வருஷத்துக்கு முன்பே போன நம்பராக இருக்கும். தெரு வியாபாரி அடையாள அட்டை வேண்டும். இல்லாவிட்டால் மாநகராட்சியின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். அட்டையில் ஒரு பெயர், ஆதாரில் இன்னொரு பெயர் என்றால் அதைத் திருத்த வேண்டும்.

ஒவ்வொன்றுக்கும் அரை நாள். அரை நாள் கடையை மூடினால் அன்றைய பூ வாடிப் போகும். அன்று மாலை தண்டல்காரருக்குக் கட்ட 100 ரூபாய் இருக்காது.

அதனால்தான், "நமக்கு எதுக்கு வம்பு?" என்று விட்டு விடுகிறார்கள். எழுத்துக்குப் பயந்து, அதற்கும் சேர்த்து வட்டி கட்டுகிறார்கள்.

இந்த இடத்தில்தான் கல்லூரி மாணவர்களுக்கு வேலை இருக்கிறது. பணம் வேண்டாம். பலம் வேண்டாம். ஒரு பேனா, ஒரு செல்போன், கொஞ்சம் பொறுமை. இவ்வளவு போதும்!

1969-ல் தொடங்கிய வேலை

மாணவர்களைச் சேவைக்கு அனுப்புவது புதிய யோசனை அல்ல.

காந்தி நூற்றாண்டு கொண்டாடிய 1969-ல், செப்டம்பர் 24-ந்தேதி நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கியது. அப்போது மத்திய கல்வி மந்திரி வி.கே.ஆர்.வி. ராவ். 37 பல்கலைக்கழகங்களில் 40 ஆயிரம் மாணவர்கள் முதலில் சேர்ந்தார்கள். இன்று பல லட்சம் பேர் இருக்கிறார்கள். "என்.எஸ்.எஸ்." என்றால் எல்லோருக்கும் தெரியும்.

அதன் கொள்கை, "எனக்காக அல்ல, உனக்காக" என்பது. சின்னம், கோனார்க் சூரியன் கோவில் தேர்ச்சக்கரம்.

இதில் சேரும் மாணவர் வருஷத்துக்கு 120 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். 2 வருஷத்தில் 240 மணி. அது போக 7 நாள் முகாம்.

சென்னைக்கு இதைவிடப் பழைய கதையும் உண்டு. மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையார் 1952-லேயே சமூக சேவையைப் பாடமாகச் சொல்லிக் கொடுக்கக் கல்லூரி தொடங்கினார். எழும்பூரில் உள்ள மெட்ராஸ் ஸ்கூல் ஆப் சோஷியல் ஒர்க்தான் அது. அங்கே வகுப்பறைப் பாடத்தோடு, வெளியே போய்ச் செய்யும் களப்பணியும் உண்டு.

ஒரு பெண்ணில் தொடங்கியது

1993-ல் நடந்ததையும் சொல்ல வேண்டும்.

வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்று 2 தோழிகள். இருவருக்கும் அப்போது இருபதுகளில்தான் வயது. மனநலம் கெட்டு ரோட்டில் திரிந்த ஒரு பெண்ணைப் பார்த்தார்கள். அன்று ஒரு வேளைச் சோறு வாங்கிக் கொடுத்து விட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. அந்தப் பெண்ணைச் சேர்க்க இடம் தேடினார்கள். சரியான இடம் கிடைக்கவில்லை. தாங்களே ஓர் இல்லம் தொடங்கினார்கள். அதுதான் "தி பேன்யன்". இன்றும் நடக்கிறது.

எல்லா மாணவரும் இல்லம் தொடங்க முடியாது. தொடங்கவும் வேண்டாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவர்கள் செய்தது ஒரு நாள் உதவி அல்ல. மறுநாளும் வந்தார்கள். அதற்கு மறுநாளும் வந்தார்கள்.

வெள்ளம் சொன்ன பாடம்

2015 டிசம்பர் வெள்ளத்தைச் சென்னைக்காரர்கள் மறக்க மாட்டார்கள். கல்லூரி மாணவர்கள் இடுப்பு அளவுத் தண்ணீரில் இறங்கிப் பால் பாக்கெட்டும், ரொட்டியும், சாப்பாட்டுப் பொட்டலமும் கொண்டு போய்க் கொடுத்தார்கள். அவர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். அன்று பொட்டலம்தான் உயிர்.

தண்ணீர் வடிந்தது. பொட்டலமும் நின்றது. அப்புறம்தான் தெரிந்தது, குடிசைகளில் ரேஷன் கார்டும், பள்ளிக்கூடச் சான்றிதழும், ஆதாரும் தண்ணீரோடு போய் விட்டன என்று. நகல் கொடுக்க அரசு சிறப்பு முகாம்களே நடத்த வேண்டி வந்தது.

அரிசி போனால் வேறு அரிசி வாங்கலாம். காகிதம் போனால், அந்த அரிசி வாங்கும் கார்டே போய் விடுகிறது!

வெள்ளம் இல்லாத நாளிலும் இதே கதைதான். முதியோர் உதவித்தொகையை எடுத்துக் கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் மாதம் ஆயிரம் ரூபாயாக இருந்தது, 2023-ல் 1,200 ஆக உயர்ந்தது. வருஷத்துக்கு 14,400 ரூபாய்.

தனியாக இருக்கும் ஒரு பாட்டிக்குத் தீபாவளி அன்று ஒரு புடவையும், இனிப்புப் பொட்டலமும் கொடுத்தால் அன்று மனசு குளிரும். அந்தப் பாட்டிக்குத் தகுதி இருந்து, ஒரு மாணவர் கூடவே நின்று உதவித்தொகை வாங்கிக் கொடுத்தால் மாதா மாதம் அடுப்பு எரியும்.

அந்தத் தெருவுப் பிள்ளைதான்

"மாணவருக்கு இதெல்லாம் தெரியுமா?" என்று கேட்கலாம்.

ஏன் தெரியாது? நம் கல்லூரிகளில் படிப்பவர்களில் எத்தனையோ பேர் வீட்டில் முதல் பட்டதாரி. ஜாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் என்று இ-சேவை மையத்தில் வரிசையில் நின்று வாங்கியவர்கள்தான் அவர்கள்.

அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரியில் சேரும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்கும் "புதுமைப் பெண்" திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. பையன்களுக்கு "தமிழ்ப் புதல்வன்" 2024 ஆகஸ்டில் வந்தது. அந்தப் பணத்தை வாங்கிய மாணவிக்கு, எந்தப் பாரம், எந்தச் சான்றிதழ், எங்கே இடிக்கும் என்று எல்லாம் அத்துப்படி.

பக்கத்துத் தெருவில் பிளஸ்-2 முடித்து விட்டு, "காலேஜுக்கு ஏது பணம்?" என்று கடையில் வேலைக்குப் போக நினைக்கும் பெண்ணிடம் அதைச் சொல்வதற்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் யார்?

கணக்குப் போடுவோம்

என்.எஸ்.எஸ்.சில் ஒரு பிரிவுக்குச் சாதாரணமாக 100 மாணவர்கள். ஆளுக்கு 120 மணி. ஆக மொத்தம் 12 ஆயிரம் மணி நேரம்!

அதில் பாதி மரம் நடுவதற்கும், ரத்த தானத்துக்கும், ஊர்வலத்துக்கும் போகட்டும். மீதி 6 ஆயிரம் மணி இருக்கிறது. ஒரு குடும்பத்துக்குப் பாரம் நிரப்ப, கூட அலைய, என்ன ஆச்சு என்று விசாரிக்க 10 மணி நேரம் ஆகும் என்று வைத்துக் கொள்வோம்.

ஒரே கல்லூரியின் ஒரே பிரிவு, ஒரே வருஷத்தில் 600 குடும்பங்களுக்கு உதவலாம். அடேயப்பா!

இதெல்லாம் கூடாது

ஆனால் இந்த வேலைக்குச் சில கட்டுப்பாடுகள் வேண்டும்.

பூக்கார அம்மா செல்போனுக்கு வரும் ஓ.டி.பி. நம்பரை வாங்கிக் கொண்டு ஓடக் கூடாது. அவர் எதிரிலேயே போட வேண்டும். "இதை யார் கேட்டாலும் சொல்லாதீங்கம்மா" என்றும் சொல்லி விட்டு வர வேண்டும். ஏமாற்றுக்காரர்களும் இதையே கேட்டுத்தான் வருகிறார்கள்.

ஆதார் நகலை மாணவர் தன் செல்போனில் வைத்துக் கொள்ளக் கூடாது. வேலை முடிந்ததும் அழித்து விட வேண்டும்.

டீக் காசு கூட வாங்கக் கூடாது. வாங்கினால் ஆபீஸ் வாசலில் நிற்கும் புரோக்கருக்கும் மாணவருக்கும் என்ன வித்தியாசம்?

போட்டோ எடுக்கக் கூடாது. உதவி வாங்குபவருக்கும் மானம் உண்டு. அவர் பிள்ளையும் பள்ளிக்கூடத்தில் படிக்கிறது.

கடனை இனாம் மாதிரி சொல்லக் கூடாது. பாங்கிக் கடனும் கடன்தான். தண்டலை அடைக்காமல் அதன் மேலே இதையும் வாங்கினால் இரண்டு பக்கமும் இழுக்கும். கட்ட முடியாதவரிடம், "இப்போது வேண்டாம் அக்கா" என்று சொல்லும் தைரியமும் வேண்டும்.

விண்ணப்பம் தள்ளுபடி ஆனால் முகத்தை மறைத்துக் கொண்டு போய் விடக் கூடாது. ஏன் தள்ளுபடி ஆனது என்று கேட்டுச் சொல்ல வேண்டும். இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம்.

நாம் என்ன செய்யலாம்?

மாணவர்கள் மட்டும் செய்தால் போதாது.

கடைக்காரர் ஐயா! ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உங்கள் கடை வாசலில் ஒரு மேஜை, இரண்டு ஸ்டூல் போட இடம் கொடுங்கள். பூக்கார அம்மா கடையை விட்டு அரை நாள் அலைய வேண்டியது இல்லை.

ஆபீசில் வேலை பார்ப்பவர்களே! ரிட்டையர் ஆனவர்களே! எந்த பைல் எந்த மேஜைக்குப் போகும், எந்த வார்த்தையில் எழுதினால் மனு திரும்பி வராது என்பது உங்களுக்குத் தெரியும். வாரத்தில் ஒரு மணி நேரம் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

பேராசிரியர்களே! 120 மணி நேரத்தைக் கையெழுத்து வாங்கும் நோட்டாக்கி விடாதீர்கள். எத்தனை பேர் வந்தார்கள் என்று எழுதுவதோடு, எத்தனை பேருக்கு வேலை முடிந்தது என்றும் எழுதச் சொல்லுங்கள்.

ஏழைகளுக்குப் பொட்டலம் கொடுக்கிறவர்கள் வருவார்கள், போவார்கள். ஏழை எதிர்பார்ப்பது, "போன வாரம் கொடுத்தோமே, அந்த மனு என்ன ஆச்சு?" என்று கேட்டுக் கொண்டு திரும்பி வருகிற ஒரு பிள்ளையைத்தான்.

இந்த ஞாயிறு போகிற மாணவர் அடுத்த ஞாயிறும் போக வேண்டும். அவ்வளவுதான்!