உப்சாலாவும் நமது தேயிலைச் செடியும்

நமது தோட்டங்களில் நிற்கும் தேயிலையின் தாவரவியல் பெயர் கமெலியா சினென்சிஸ். தாவரவியல் நூல்களில் அந்தப் பெயரை அடுத்து, அடைப்புக்குறிக்குள் 'எல்' என்ற ஓர் எழுத்து இருக்கும். அந்த எழுத்து கார்ல் லின்னேயஸைக் குறிக்கிறது. சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த அவர், 1753இல் தேயிலைக்குத் 'தீயா சினென்சிஸ்' என்று பெயரிட்டார். பின்வந்தவர்கள் செடியைக் கமெலியாப் பேரினத்தில் சேர்த்தார்கள்; பெயரின் பின்பாதி அவர் வைத்தபடியே நிற்கிறது. இரத்தினபுரியிலும் கேகாலையிலும் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்துவரும் குடும்பங்களின் பிள்ளைகள் அந்தப் பல்கலைக்கழகத்தைப் பற்றி அறிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

ஸ்டொக்ஹோமுக்கு வடக்கே சுமார் 70 கிலோமீற்றர் தொலைவில் இருக்கிறது உப்சாலா. 1477இல், பாப்பரசரின் அனுமதி பெற்று, பேராயர் யாக்கோப் உல்ஃப்சன் முயற்சியில் பல்கலைக்கழகம் தொடங்கியது. வட ஐரோப்பாவின் நோர்டிக் நாடுகளில் இதுவே மிகப் பழையது. நம் பக்கத்துச் சீதாவக்கை இராசதானி தோன்றியது 1521இல். அதற்கும் 44 ஆண்டுகள் முந்தியது இந்தக் கல்விக்கூடம். இடையில் மதச் சீர்திருத்தக் குழப்பங்களில் பல்லாண்டுகள் முடங்கிக் கிடந்து, 16ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் மறுபடி உயிர்பெற்றது.

அது நிலைபெற்ற விதம்தான் தோட்டக்காரர்களான நம்மை நின்று யோசிக்கவைக்கிறது. 1624இல் மன்னர் குஸ்தாவ் அடோல்ஃப், தம் குடும்பச் சொத்தாக இருந்த ஏறத்தாழ 300 பண்ணைகளைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிவைத்தார். அந்த நிலங்களின் வருமானத்தில் பேராசிரியர்களின் சம்பளம் நடந்தது. அந்தக் கொடையின் காடுகளும் வயல்களும் இன்றும் பல்கலைக்கழகத்தின் பெயரில் பராமரிக்கப்படுகின்றன. அங்கே உழுதவர்களின் வாழ்க்கையும் சுகமானதாக இருந்திருக்காது. ஆனாலும் நிலத்தில் விளைந்தது கல்விக்குப் போய்ச் சேர்ந்தது. இங்கே 150 ஆண்டுகளாகத் தேயிலையும் இறப்பரும் விளைந்திருக்கின்றன. அந்த வருமானத்தில் எவ்வளவு தோட்டத்துப் பாடசாலைக்குத் திரும்பி வந்தது? நாட்டில் இலவசக் கல்வி 1945இல் வந்துவிட்டது. தோட்டப் பாடசாலைகள் அரசின் கைக்கு மாற 1970கள் ஆகின. அதுவரை நமது பிள்ளைகளில் பெரும்பாலோருக்குக் கிடைத்தது ஓர் அறை, ஓர் ஆசிரியர், ஆரம்ப வகுப்புகள் சில.

உப்சாலாவுக்கும் இலங்கைக்கும் உள்ள தொடர்பு தேயிலைக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1670களில் ஒல்லாந்துக் கம்பனியின் வைத்தியராக இலங்கைக்கு வந்தவர் போல் ஹெர்மன். கறுவாவுக்காகவே ஒல்லாந்தர் இந்தத் தீவின் கரையோரத்தைப் பிடித்திருந்த காலம் அது. ஹெர்மன் இங்குள்ள செடிகொடிகளைச் சேகரித்தார். உலர்த்தித் தாளில் ஒட்டினார். மக்கள் வழங்கிய பெயர்களைக் கேட்டுப் பக்கத்தில் எழுதினார். ஊர் திரும்பி லெய்டனில் பேராசிரியரானார். அவர் இறந்தபின் அந்தத் தொகுப்பு கைமாறி, பல பத்தாண்டுகள் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. 1744இல் டென்மார்க் அரண்மனை மருந்தாளரான ஓகுஸ்ட் குந்தரிடம் அது வந்து சேர்ந்தது. இவற்றை இனங்கண்டு சொல்லுங்கள் என்று அவர் உப்சாலாவுக்கு அனுப்பிவைத்தார்.

லின்னேயஸ் இலங்கை மண்ணை மிதித்ததே இல்லை. குளிர்நாட்டு அறையில் அமர்ந்து, எழுபது ஆண்டுகளுக்கு முன் காய்ந்துபோன இலைகளையும் பூக்களையும் ஆராய்ந்து 1747இல் 'ஃப்ளோரா சைலானிக்கா' என்ற நூலை வெளியிட்டார். இலங்கைத் தாவரங்களை முறைப்படி வகைப்படுத்திய முதல் நூல் அதுவே. இன்றும் தாவரவியலாளர்கள் ஒரு செடியின் அடையாளத்தில் ஐயம் வந்தால், இலண்டன் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தில் இருக்கும் ஹெர்மனின் அந்தத் தாள்களைத் திறந்து பார்க்கிறார்கள். லின்னேயஸின் மாணவர் கார்ல் பீட்டர் துன்பெர்க் 1777இல் இலங்கைக்கே வந்து செடிகள் சேகரித்தார். பிறகு தம் ஆசிரியர் வகித்த பதவிக்கே அவரும் உயர்ந்தார். இந்தப் பெருமையெல்லாம் அவர்களுக்கு உரியதுதான். ஆனால் எந்தச் செடி எங்கே வளரும், எது மருந்து, எது நஞ்சு என்று ஹெர்மனுக்குச் சொல்லிக்கொடுத்த நம் நாட்டு மனிதர்கள் யார்? நூலின் முகப்பில் அவர்களில் ஒருவருக்கும் இடமில்லை.

தேயிலை விடயத்தில் லின்னேயஸுக்கு அறிவாசையோடு பணக்கணக்கும் இருந்தது. தேயிலை வாங்குவதற்காகச் சுவீடனின் வெள்ளி சீனாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. செடியையே கொண்டுவந்து சொந்த மண்ணில் வளர்த்தால் அந்த இழப்பு நிற்கும் என்று அவர் நம்பினார். பலமுறை முயன்றும் செடிகள் கப்பலிலேயே மடிந்தன. கடைசியில் கப்பல் தலைவர் எக்கெபர்க், விதைகளைச் சட்டியில் ஊன்றி வழியிலேயே முளைக்கவைத்துக் கொண்டுவந்தார். 1763இல் உப்சாலாத் தோட்டத்துக்கு உயிருள்ள தேயிலைக் கன்றுகள் வந்து சேர்ந்தன. லின்னேயஸ் அவற்றைப் பிள்ளைபோலப் பார்த்துக்கொண்டார். சுவீடனின் பனிக்காலத்துக்கு முன் அந்தக் கனவு பலிக்கவில்லை. நூறு ஆண்டு கழித்து, 1867இல், ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலையை வர்த்தகப் பயிராக நட்டார். அதன்பின் நடந்தது நம் கதை.

அவ்வளவு பெரிய அறிஞரும் ஓரிடத்தில் தவறினார். 1762இல் வந்த தம் நூற்பதிப்பு ஒன்றில், பச்சைத் தேயிலையும் கறுப்புத் தேயிலையும் இரண்டு வேறு செடிகள் என்று பிரித்து எழுதினார். பலாங்கொடைப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்யும் எவரும் அதைத் திருத்திவிடுவார். கொழுந்தை வாட்டி, ரோலரில் உருட்டி, காற்றுப்படப் பரப்பி நிறம் மாறவிட்டுச் சூட்டில் உலர்த்தினால் அது கறுப்பு. நிறம் மாறும் முன்பே ஆவியிலோ சூட்டிலோ நிறுத்திவிட்டால் அது பச்சை. செடி ஒன்றுதான். கைவேலையில் பிறக்கும் அறிவும் அறிவுதான் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

உப்சாலாவின் மற்றப் பெருமைகள் பாடநூல்களிலேயே உண்டு. பாகை செல்சியஸில் வரும் அன்டர்ஸ் செல்சியஸ் இங்கே வானியல் பேராசிரியராக இருந்தவர். வேதியியல் மாணவர்கள் படிக்கும் அரீனியஸ் 1884இல் இங்கே சமர்ப்பித்த ஆய்வுக்கு மிகக் குறைந்த தரமே கிடைத்தது. அதே ஆய்வின் வழியில் 1903இல் நோபல் பரிசு பெற்றார். பெண்களுக்கு 1870களில்தான் கதவு திறந்தது. மாணவர்கள் தாங்கள் வந்த மாகாணத்தின் பெயரில் அமைத்துக்கொண்ட சங்கங்கள் 13 இன்றும் இயங்குகின்றன. விடுதி, உணவு, நூலகம் என்று புதிதாக வருபவரைத் தாங்கிக்கொள்வது அவைதான்.

மறைக்கக்கூடாத பக்கமும் ஒன்று இருக்கிறது. 1922இல் அரசு இதே நகரில் இன உயிரியல் நிறுவனம் ஒன்றை அமைத்தது. சுவீடனின் வடபகுதிப் பழங்குடிகளான சாமி மக்களை நிறுத்தித் தலையை அளந்து, படம் பிடித்து, மனிதரைத் தரம் பிரித்தது அது. பின்னாளில் பெயர் மாறிப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. உடலை வைத்தும் பிறப்பை வைத்தும் மதிப்பிடப்பட்ட சமூகம் நாம். செடிகளை வகைப்படுத்திய ஊரிலேயே மனிதரையும் அப்படி வகைப்படுத்தினார்கள் என்பதை நம் பிள்ளைகள் தெரிந்துகொண்டே அங்கே போகட்டும்.

போக முடியுமா? 1980களில் சுவீடனின் அபிவிருத்தி உதவி நிறுவனமான 'சீடா' மலையகத் தோட்டப் பாடசாலைகளின் மேம்பாட்டுக்கு உதவியது. கட்டடமும் ஆசிரியர் பயிற்சியும் வந்தன. ஆனாலும் சப்ரகமுவவில் தமிழ்மொழி மூலம் உயர்தர விஞ்ஞானம் படிக்கக்கூடிய பாடசாலைகள் இன்றும் மிகக் குறைவு. சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கும் தோட்டங்கள் நம்முடையவை. தெரணியகலையிலோ தெஹியோவிட்டவிலோ கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று வேறு வழியின்றிக் கலைப் பிரிவுக்குப் போவதை ஆண்டுதோறும் பார்க்கிறோம். மாகாணக் கல்வித் திணைக்களமும் நமது அரசியல்வாதிகளும் முதலில் திறக்க வேண்டிய வாசல் இங்கேதான் இருக்கிறது.

அதைத் தாண்டியவர்களுக்கு அடுத்த படி வீட்டுக்குப் பக்கத்திலேயே உண்டு. 1996இல் பெலிஹுல்ஓயாவில் இயங்கத் தொடங்கிய சப்ரகமுவ பல்கலைக்கழகத்தில் விவசாய விஞ்ஞான பீடம் இருக்கிறது; ஏற்றுமதிப் பயிர்களுக்கென்றே அதில் தனித்துறை உண்டு. இளமாணிப் பட்டமும் ஆங்கிலத் தேர்ச்சியும் இருந்தால், உப்சாலாவில் ஆங்கிலத்திலேயே நடக்கும் முதுமாணிப் படிப்புகளுக்கு விண்ணப்பிக்கலாம். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் 2011 முதல் கட்டணம் வாங்குகிறார்கள். ஆகவே புலமைப்பரிசில் இல்லாமல் இறங்குவது தோட்டக் குடும்பத்துக்குத் தாங்காது. கலாநிதிப் படிப்பு வேறு கணக்கு. அதற்குக் கட்டணமே இல்லை. பெரும்பாலும் மாதச் சம்பளத்தோடு வரும் வேலையாகவே அதை விளம்பரப்படுத்துகிறார்கள். தாவரவியல், சூழலியல் துறைகளிலும் அத்தகைய இடங்கள் அவ்வப்போது பல்கலைக்கழகத்தின் இணையத்தளத்தில் வெளியாகும். முதுமாணி முடித்தவர்கள் அந்தப் பக்கத்தைக் கவனித்துவர வேண்டும்.