நினைவை இழக்கும் காந்தம்

ஏற்காட்டிலிருந்து சேர்வராயன் கோயிலுக்குச் சென்றவர்கள் அங்குள்ள மண்ணின் நிறத்தைக் கவனித்திருப்பார்கள். சுமார் 1,620 மீட்டர் உயரத்தில், மேடைபோல் பரந்த மலையுச்சியில் இருக்கும் குகைக் கோயில் அது. இந்த மலையின் அடிப்பாறையோ சார்னோகைட் என்னும் கருநிறப் பாறை. கரிய பாறையிலிருந்து சிவந்த மண் எப்படி வந்தது?

நெடுங்காலமாகப் பெய்த மழைநீர் பாறையிலுள்ள சிலிக்கா, கால்சியம் போன்றவற்றைக் கரைத்துக்கொண்டு போய்விட்டது. அலுமினியமும் இரும்பும் எளிதில் கரையாமல் தங்கிவிட்டன. அலுமினியம் மிகுந்த பகுதிதான் பாக்சைட். மேட்டூர் அலுமினிய ஆலைக்காக ஒரு காலத்தில் அது இங்கே வெட்டி எடுக்கப்பட்டது. இரும்பு ஆக்சிஜனுடன் சேர்ந்து மிக நுண்ணிய ஆக்சைடு துகள்களாயிற்று. சிவப்பு நிறம் தருவது அவற்றுள் ஒன்றான ஹெமடைட்.

சேலத்தை அடுத்த கஞ்சமலையில் கிடைப்பது மேக்னடைட் என்னும் கரிய ஆக்சைடு. காந்தம் இதனைச் சட்டென்று இழுக்கும். ஹெமடைட்டை அவ்வாறு இழுக்காது. இரண்டிலும் இருப்பவை இரும்பும் ஆக்சிஜனும்தானே? ஆம். ஆனால் ஒவ்வொரு இரும்பு அணுவும் ஒரு சிறு காந்தம். ஹெமடைட்டில் இந்தக் காந்தங்கள் எதிரெதிராக நின்று ஏறக்குறைய முழுவதும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுகின்றன. மேக்னடைட்டில் ஒரு பக்கம் மிஞ்சி நிற்கிறது.

அளவு குறைந்தால்?

மேக்னடைட் துகளைச் சிறிதாக்கிக்கொண்டே போவோம். ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். பெரிய துகளுக்குள் வெவ்வேறு திசை நோக்கும் பல காந்தப் பகுதிகள் உண்டு. சில பத்து நானோமீட்டர் அளவுக்கு வந்ததும் துகள் முழுவதும் ஒரே காந்தமாகிவிடுகிறது.

இன்னும் சிறிதானால் ஒரு விந்தை நிகழ்கிறது. அறை வெப்பமே அந்தக் காந்தத்தின் திசையைப் புரட்டிவிடுகிறது! பிரெஞ்சு அறிவியலறிஞர் லூயி நீல் 1949-இல் இதனை விளக்கினார். காந்தவியல் ஆய்வுகளுக்காக 1970-இல் நோபல் பரிசு பெற்றார். அவருடைய விதிப்படி தோராயமாகக் கணக்கிட்டால், 10 நானோமீட்டர் குறுக்களவுள்ள மேக்னடைட் துகள் ஒரு நொடியில் கோடிக்கணக்கான முறை திசை மாறும். 20 நானோமீட்டர் துகளின் திசை நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம்கூட நிலைக்காது. 30 நானோமீட்டர் துகளோ ஓராண்டுக்கும் மேல் திசை மாறாமல் இருக்கும். குறுக்களவு மும்மடங்கானால் பருமன் 27 மடங்காகிறது. புரட்டத் தேவையான ஆற்றலும் அவ்வளவு உயர்கிறது. அதனால்தான் இத்தனை வேறுபாடு.

மிகச் சிறிய துகள் வெளிக் காந்தத்தை அருகே கொண்டுவந்தால் வலுவாக ஈர்க்கப்படும்; அகற்றினால் காந்தத்தன்மையை இழந்துவிடும். இதற்குச் சூப்பர் பாராகாந்தத் தன்மை என்று பெயர்.

ஆய்வகத்தில் செய்வது எப்படி?

பெர்ரஸ், பெர்ரிக் உப்புகளை 1-க்கு 2 என்ற விகிதத்தில் நீரில் கரைத்து, அம்மோனியாக் கரைசலைச் சேர்த்துக் கலக்கினால் மேக்னடைட் கரிய வீழ்படிவாக இறங்கும். ஒரே நேரத்தில் எண்ணற்ற வித்துகள் தோன்றினால் இருக்கும் இரும்பை அவை பங்கிட்டுக்கொள்ள, ஒவ்வொன்றும் சிறிதாகவே நின்றுவிடும். வித்துகள் குறைந்தால் துகள்கள் பெரிதாக வளரும். காற்று அதிகம் பட்டால் மேக்னடைட் ஆக்சிஜனேற்றமடைந்து பழுப்பாகும்; எனவே நைட்ரஜன் வாயுச் சூழலில் இதைச் செய்வதுண்டு.

மறதியால் என்ன பயன்?

நிலைத்த காந்தங்களை இரத்தத்தில் செலுத்தினால் அவை ஒன்றையொன்று ஈர்த்துத் திரண்டு, நுண்குழாய்களை அடைத்துவிடக்கூடும். மறதியுள்ள துகள்களுக்குத் தகுந்த மேலுறை இட்டால் அவை திரளாமல் மிதக்கும். சர்க்கரைப் பொருளால் உறையிட்ட இத்தகைய இரும்பு ஆக்சைடு மருந்தொன்று, சிறுநீரக நோயாளிகளின் இரத்தசோகைக்காக 2009-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆனால் கணினியின் காந்தத் தட்டுக்கு இதே மறதி பகை. அங்கே துகள் அளவுக்கு மீறிச் சிறுத்தால் எழுதி வைத்த செய்தி அழிந்துவிடும். ஆகவே, எந்தப் பொருள் என்று கேட்பதோடு எந்த அளவு என்றும் கேட்பதே நானோ அறிவியலின் முதற்பாடம்.

செய்து பாருங்கள்: உலர்ந்த செம்மண்ணைத் தாளில் பரப்பி, பாலித்தீன் பையில் சுற்றிய காந்தத்தை அதன்மேல் நகர்த்துங்கள். ஒட்டும் கருந்துகள்கள் எவ்வளவு, ஒட்டாத சிவப்புத் தூள் எவ்வளவு? ஏன் என்று இப்போது உங்களால் சொல்ல முடியும் அல்லவா?